கதை எழுத வரும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

சேலத்தில் ஞாயிறு காலைகளில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதையும் கவிதையும் எழுதிப் பார்க்கும் சின்னக் கூட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறேன். குகை, அம்மாபேட்டை, சூரமங்கலம் என்று ஊருக்குள் இருந்து வருகிறவர்கள்தான் அதிகம், ஏற்காட்டிலிருந்து காலை பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்களும் உண்டு. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் என் கருத்து. வேறு மாதிரி சொல்கிற எழுத்தாளர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் கேளுங்கள்.

படைப்பெழுத்துன்னா என்னக்கா? ஸ்கூல்ல எழுதற கட்டுரையும் எழுத்துதானே?

எழுத்துதான், ஆனால் அதன் வேலை வேறு. 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்' என்று கட்டுரையில் சொல்லி, நாலு காரணம் காட்டி முடித்துவிடலாம். கதையில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டு ஓர் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், போய்ப் பார்த்தால் நேற்றுச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி இவருக்கும் சேர்த்து வரிசையில் ஒரு செங்கல்லைப் போட்டு வைத்திருக்கிறார். இதைக் காட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். படிக்கிறவர் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறாரோ அது அவர் பாடு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று எழுதிப் பழகிய கை சட்டென்று மாறாது. புதிதாக வருகிறவர்களின் நோட்டில் எழுத்துப்பிழையைவிட அதிகமாக நான் அடிப்பது இந்தக் கட்டுரைப் பழக்கத்தைத்தான். கீழே வரும் பாதிப் பதில்கள் சுற்றிச் சுற்றி இதையேதான் சொல்லும். அதற்காகப் பரீட்சையில் கதை எழுதி வைத்துவிடாதீர்கள், மார்க் போனால் உங்கள் வீட்டில் என்னைத்தான் திட்டுவார்கள்.

எனக்கு எழுத ஒண்ணுமே இல்லக்கா. எங்க வீட்டுலயும் தெருவுலயும் எதுவுமே நடக்கறதில்ல.

இதைக் கேட்ட ஒரு பையனிடம், காலையில் எழுந்து என்ன செய்தாய் என்றேன். "ஒண்ணுமில்ல, அம்மாவுக்குத் தார் சுத்திக் குடுத்துட்டு வந்தேன்" என்றான். தார் என்பது தறி நாடாவுக்குள் போகிற நூல்குழல், அதை எப்படிச் சுற்றுவாய் என்று கேட்டதும், எழுத ஒன்றுமே இல்லாதவன் விடாமல் பேசினான். குறுக்கே ஓடுகிற ஊடைநூல் எங்கே அறுந்தது என்று கண்ணால் தேடக் கூடாதாம், விரலால்தான் தேட வேண்டுமாம். அறுந்த இடத்தில் எச்சில் தொட்டு முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும், அம்மாவுக்கு அது பிடிக்காது. அப்பா குழித்தறியில் இறங்கிவிட்டால் பேச மாட்டார், நாமும் பேசக் கூடாது. தறிச் சத்தம் இருக்கிறவரை வீட்டில் அவரவர் வேலை நடக்கும், சத்தம் நின்றால்தான் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், நூல் அறுந்ததா, நீளவாக்கில் ஓடுகிற பாவுநூல் தீர்ந்ததா, இல்லை வாசலில் முதலாளி வீட்டு ஆள் வந்து நிற்கிறாரா என்று.

சத்தம் நின்றதும் எல்லோரும் தலையைத் தூக்குகிற அந்த இடத்தில் ஒரு கதை தயாராக இருக்கிறது. வெளியூர் எழுத்தாளர் ஒருவர் நாலு மாதம் அந்த வீட்டில் தங்கினாலும் அவருக்கு அது கிடைக்குமா என்பது சந்தேகம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு வெள்ளிப் பட்டறை இருக்கிறது, வீட்டு வாசலில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இத்தனை கொலுசு செய்தும் தன் மகள் காலில் ஒன்று போட முடியாத ஒருத்தி எங்காவது இருப்பாள், போய்ப் பாருங்கள். ஆத்தூர் ரோட்டில் வருகிறவர்களுக்கு ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை தெரியும். பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துகிற நேரத்தில் உள்ளூர்க்காரர், ஓ நம்ம ஸ்டாப் வந்துவிட்டது என்று கண் விழித்து எழுந்திருப்பார்.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் மூன்று வரி போதும், பார்த்தது, கேட்டது, மூக்கில் ஏறியது. 'இன்று மனசு சரியில்லை' என்று எழுதாதீர்கள், மனசு சரியில்லாதபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்களா, தம்பியிடம் எரிந்து விழுந்தீர்களா, அது.

ஏற்காட்டைப் பத்தி எழுதினேன். எல்லாரும் சூப்பர்னாங்க, நீங்க மட்டும் பக்கம் பூரா அடிச்சிட்டீங்க. ஏன்?

'பச்சைப் பட்டாடை உடுத்திய மலைமகள்', 'மேகங்கள் முத்தமிடும் சிகரங்கள்', 'ஏழைகளின் ஊட்டி'. இந்த வரிகளில் ஏற்காட்டை எடுத்துவிட்டுக் கொடைக்கானல் என்று போட்டுப் பாருங்கள், ஒரு எழுத்தும் இடறாது. ஊர்ப்பெயரை மாற்றினாலும் நிற்கிற வரி உங்கள் ஊரைப் பற்றியது இல்லை. இந்த ஒரு சோதனையை நீங்களே செய்துகொண்டால் பாதி வரிகளை நான் அடிக்கத் தேவையிருக்காது.

மலையிலேயே வளர்ந்தவருக்குத் தெரிந்தது என்ன? மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால், அதற்கப்புறம் ஒரு வாரம் பத்து நாளில் காபித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகைக்குக் கிட்டத்தட்ட வருகிற வாசனை, ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள் வரைக்கும் வரும். இரண்டு மூன்று நாள்தான், பழுப்பாகிக் கொட்டிவிடும். மே மாதக் கோடை விழாவுக்கு மேலே ஏறி வருகிறவர் ஏரியில் படகு விட்டுவிட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார், இந்தப் பூவைப் பார்த்திருக்க மாட்டார். அந்த மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தோட்டக்காரரையும், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவரையும் அவருக்குத் தெரியாது. காபிச் செடியே இந்த மலைக்கு 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்ததுதான். அதற்கு முன்பே அங்கே இருந்த மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டிகளிடம் கேட்டால் மலை வேறு மாதிரித் தெரியும். உங்கள் வகுப்பிலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

இன்னொன்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தீர்களே, அது எழுதுகிறவனுக்கான கருவி என்று யாராவது சொன்னார்களா? முதலில் இடமும் பொழுதும், அப்புறம் அங்கே இருக்கிற மரம், விலங்கு, சாப்பாடு, தொழில், சாமி, கடைசியில் மனுஷருக்குள் நடப்பது. குறிஞ்சிக்கு நள்ளிரவும், கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்று, டிசம்பர் மாதம், சாயங்காலம் ஐந்தரை, எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரிகிற பனி. ரோட்டோரச் சுவரில் குரங்கு, பிரேக் பிடிக்கிற வாடை, வாந்தி எடுக்கிற குழந்தைக்கு எலுமிச்சம்பழம். இதெல்லாம் வந்துவிட்டால், பஸ்ஸில் யார் யாரிடம் பேசாமல் வருகிறார்கள் என்பது தானாக வரும்.

எழுத்துத் தமிழ்ல எழுதணுமா, பேசற மாதிரியே எழுதணுமா?

கதை சொல்கிற குரல் எதுவாகவும் இருக்கலாம், ஆரம்பித்ததைக் கடைசிவரை விடக் கூடாது, அவ்வளவுதான். ஆட்கள் பேசுவதை மட்டும் பேசுகிறபடி எழுதுங்கள். 'அம்மா, நான் கல்லூரிக்குச் சென்று வருகிறேன்' என்று எந்தப் பிள்ளையும் சேலத்தில் சொல்வதில்லை.

பேச்சு என்பது வார்த்தையின் வாலை வெட்டுவதோடு முடிந்துவிடாது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் சின்னப் பிள்ளையை 'வா கண்ணு' என்பார்கள், கோபம் வந்தால் அந்தக் 'கண்ணு' காணாமல் போகும். இடைப்பாடி, சங்ககிரிப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு, டவுனுக்குள் வந்தால் தாத்தா. உங்கள் கதைப் பாட்டி குகையில் பிறந்தவர் என்றால் டிவி சீரியல் பாட்டி மாதிரி மதுரை பாஷை பேச வைக்காதீர்கள்.

வீட்டில் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் சேலத்தில் நிறையப் பேர். அவர்கள் தங்கள் கதையில் எல்லோரையும் சுத்தத் தமிழ் பேச வைத்துவிட்டு, ஏதோ ஒட்டவில்லையே என்கிறார்கள். அம்மா கூப்பிடுகிற ஒரு வார்த்தை, திட்டுகிற ஒரு வார்த்தை அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் அர்த்தம் எழுத வேண்டாம், இடத்தை வைத்தே புரிந்துவிடும்.

முதல் வரி வரவே மாட்டேங்குது. எப்படி ஆரம்பிக்கறது?

மோசமாக ஆரம்பியுங்கள். பலர் எழுதுகிற கதையில் முதல் இரண்டு பத்தி முன்னுரைதான், அதாவது எழுதுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, மூன்றாவது பத்தியில்தான் யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். முழுக்க எழுதிவிட்டு அந்த இரண்டு பத்தியையும் வெட்டிவிடுங்கள். சூரியன் உதிப்பது, அலாரம் அடிப்பது, திடுக்கிட்டு எழுந்து 'அப்பாடா, எல்லாம் கனவா' என்பது, இந்த மூன்றும் என் கூட்டத்தில் தடை.

ஏற்கெனவே ஏதோ ஒன்று நடந்துவிட்டதாகத் தொடங்கிப் பாருங்கள். 'ரேஷன் கார்டில் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு வந்தார் அப்பா' என்று ஒரு வரி இருந்தால், அண்ணன் செத்துப்போனானா, ஓடிப்போனானா, தனிக்குடித்தனம் போனானா என்று கேட்காமல் யாரும் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள்.

சிறுகதை எத்தனை பக்கம் இருக்கணும்?

போட்டி அறிவிப்பில் என்ன போட்டிருக்கிறதோ அத்தனை. இல்லையென்றால் நாலு பக்கத்தில் ஆரம்பியுங்கள், மாணவர்களால் முடிக்க முடிகிற அளவு அது. குறுந்தொகைப் பாட்டுக்கு 4 முதல் 8 அடிதான், அதற்குள் மலை, மழை, காதலன், தோழி, ஊர்ப்பேச்சு எல்லாம் வந்துவிடுகிறது. நாவல் எழுதப் போகிறேன் என்று மூன்று அத்தியாயத்தோடு நிற்கிறவர்கள் எல்லா வருஷமும் வருகிறார்கள், முடித்த நாலு பக்கம் அதைவிட உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கவிதைக்கு எதுகை மோனை கட்டாயமா? இல்ல, வரியை உடைச்சு உடைச்சு எழுதினாலே கவிதையா?

இரண்டும் இல்லை. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது, மோனை முதலெழுத்து ஒத்து வருவது. இது இருந்தால் காதுக்குச் சுகம், ஆனால் 'மலை' என்று எழுதிவிட்ட ஒரே காரணத்துக்காக 'அலை'யையும் 'கலை'யையும் இழுத்து வருவது பாவம். சேலத்துக் கவிதையில் கடல் அலை அடிப்பதை நான் நிறையப் படித்தாகிவிட்டது.

வரியை உடைப்பதில் என் சோதனை எளிது. உடைத்ததை எல்லாம் சேர்த்து ஒரே பத்தியாக எழுதிப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது உரைநடைதான், பத்தியாகவே விட்டுவிடுங்கள், கேவலம் ஒன்றுமில்லை. ஏதோ போய்விட்டது என்று தோன்றினால் அந்த உடைப்புக்கு வேலை இருக்கிறது.

புதுக்கவிதை எழுதுகிறவர்களும் ஒரு தடவை வெண்பா எழுதிப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நாலு, முடிவது நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில். ஒரு சீர் அடுத்த சீரோடு சேராமல் தளை தட்டுகிறபோது வேறு வார்த்தை தேடுவீர்கள் பாருங்கள், அந்தத் தேடல்தான் வேண்டும். வெண்பா நன்றாக வர வேண்டும் என்றுகூட இல்லை.

வாசி வாசின்னு சொல்றீங்க. புக் வாங்க காசு எங்க இருக்கு?

வாங்க வேண்டாம். சேலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, உங்கள் ஏரியாவில் கிளை நூலகம் இருக்கும், ஒரு தடவை போய் உறுப்பினராகிவிட்டால் போதும். போனில் படிக்கிறவர்களுக்கு மதுரைத் திட்டம் 1998லிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகப் போட்டு வருகிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் புத்தகங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. ஒரு ஆயுசுக்குப் போதும்.

எதை வாசிக்கலாம் என்பதைவிட எப்படி என்பது முக்கியம். பிடித்த கதையை இரண்டாவது தடவை படிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு அழுகை வந்தது, அதற்கு இரண்டு பக்கம் முன்னால் அவர் என்ன வைத்தார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சாதாரணப் பொருள் இருக்கும், ஒரு செருப்போ, டிபன்பாக்ஸோ. அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் நீங்களும் வைக்கப் பழகிவிடுவீர்கள்.

திருத்தணும் திருத்தணும்கறீங்க, எதைத் திருத்தறது? எனக்குத் தப்பே தெரியலயே.

ஒரு மாணவி எழுதி வந்ததை அவர் அனுமதியோடு போடுகிறேன். 'அன்று பேருந்து நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. என் தந்தையின் கண்களில் கண்ணீர் பெருக்கெடுத்தது. அவரது உள்ளம் வேதனையால் துடித்தது. மகளைப் பிரிவது எவ்வளவு பெரிய கொடுமை!' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அதனால்தான் அவருக்குத் தப்பே தெரியவில்லை.

நான் திருத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். எந்த பஸ்? அப்பா நிஜமாகவே அழுதாரா? ("இல்லக்கா, அவர் அழமாட்டார்.") அப்படியென்றால் என்ன செய்தார்? கையில் என்ன இருந்தது? கடைசியாக என்ன பேசினார்? அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது இது:

'கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அப்பா சீட் பிடித்துவிட்டார். என்னை உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனவர் ஒரு பொட்டலம் தட்டுவடையோடு திரும்பி வந்தார். "இப்பத்தானப்பா சாப்ட்டேன்" என்றேன். "வழியில பசிக்கும்" என்றார். பஸ் நகர்ந்ததும் கூடவே நடந்து வந்து, "சில்லறை இருக்குதா கண்ணு" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லியும் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டே நடந்தார்.'

கண்ணீரும் இல்லை, வேதனையும் இல்லை, கொடுமை என்று கத்தவும் இல்லை. பாக்கெட்டைத் துழாவுகிற இடத்தில் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருத்துவது என்றால் இதுதான், 'மிகவும்', 'எவ்வளவு', 'பெருக்கெடுத்தது' இருக்கிற இடங்களில் எல்லாம் பென்சிலை வைத்து, அங்கே நிஜமாக என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்வது. அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல் போன இடமாக இருக்கும். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். எழுதி ஒரு வாரம் எடுத்து வைத்துவிட்டு, பிறகு படிக்கும்போது வேறு யாரோ எழுதியதாகத் தோன்ற வேண்டும், அப்போது கை வைத்தால் போதும்.

கதை முடிவுல நீதி சொல்லணுமா? சொல்லலன்னா கதை பாதியில நிக்குதுங்கறாங்க.

மேலே தட்டுவடைப் பொட்டலத்துக்குக் கீழே 'ஆம், தந்தையின் அன்புக்கு ஈடு இணை இல்லை' என்று ஒரு வரி சேர்த்துப் படித்துப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும். போட்டி நடுவர்கள் சிலருக்கு நீதி பிடிக்கும் என்பது நிஜம், பரிசுதான் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டில் வைத்திருக்கிற பிரதியில் மட்டும் அடித்து வையுங்கள்.

கடைசியில் எல்லோரையும் சாகடிப்பதும் நீதிக்குத் தம்பிதான். முடிக்கத் தெரியாதபோதுதான் லாரி வந்து மோதுகிறது.

எங்க அத்தையைப் பத்திக் கதை எழுதினேன், வீட்டுல பெரிய சண்டை. சொந்தக்காரங்களைப் பத்தி எழுதக் கூடாதா?

எழுதலாம், ஆனால் அத்தையாகவே எழுதக் கூடாது. அகப்பாடல்களில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியத்தில் விதியே இருக்கிறது. அதனால்தான் சங்க இலக்கியத்தின் அத்தனை காதலிலும் ஒரு பெயர் தெரியாது, யாருடைய குடும்பத்திலும் சண்டை வந்திருக்காது.

பெயரை மாற்றினால் போதாது, நம் தெருக்களில் வாசல் திண்ணையைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு பேரைக் கலந்து ஓர் ஆளாக்குங்கள், அத்தையின் கோபமும் பழைய வீட்டு ஓனரம்மாவின் நடையும் சேரட்டும். தொழிலை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள். (ஊரை மாற்றினால் ஏற்காட்டுக் கேள்வியில் சொன்ன சோதனை திரும்ப வரும், தெரிந்த ஊருக்கே மாற்றுங்கள்.) இதற்கு மேலும் ஒன்று, கோபத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதிய கதையில் அந்த ஆள் சொல்ல ஒரு நியாயம்கூட இருக்காது. அத்தை பக்கம் நின்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், அத்தைக்கு உதவாவிட்டாலும் கதைக்கு உதவும். அடுத்தவரின் நோய், அடுத்தவர் வீட்டு விவாகரத்து, ஒரு பெண் உங்களை நம்பிச் சொன்ன விஷயம், இவற்றைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஏஐ கிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல கதை எழுதித் தருது. அதை எடுத்துக்கிட்டா தப்பா?

போட்டிக்கு உங்கள் பெயரில் அனுப்பினால் தப்புதான், அதில் பேச ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது வீண் என்பது வேறு விஷயம். தார் சுற்றிய பையனின் அப்பா தறியை நிறுத்தினால் யார் தலையைத் தூக்குவார்கள் என்பதை அந்தப் பையன் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அவ்வளவும் சொல்லிவிட்டால் கதையை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒற்றுப்பிழை பார்க்க, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அகராதியில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.

பத்திரிகைக்கு எப்படி அனுப்பறது? நடுவுல யாராவது என் கதையைத் திருடிட்டா?

யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும், ஆசிரியர் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். கணினியில் நிறைய எழுதப் போகிறீர்கள் என்றால் 1999ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள், முதல் கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் வேகம் பிடித்துவிடும். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் வந்துவிட்டால் அப்புறம் இரண்டு பேரும் உங்கள் பெயரைப் பார்த்தாலே ஒதுக்கிவிடுவார்கள். கூட அனுப்புகிற கடிதத்தில் 'அன்புள்ள ஆசிரியருக்கு, நான் ஒரு வளரும் எழுத்தாளர்' என்று அரைப்பக்கம் வேண்டாம், பெயர், முகவரி, போன் நம்பர், இது என் சொந்தக் கதை, வேறெங்கும் வரவில்லை, முடிந்தது.

திருட்டு பற்றி. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். ஆனால் சட்டம் காப்பது நீங்கள் எழுதிய வாக்கியங்களை, ஐடியாவை இல்லை. 'வேலைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை' என்பது யாருடைய சொத்தும் கிடையாது. எழுதிய தேதியோடு பிரதியை வைத்திருங்கள், மின்னஞ்சலில் அனுப்பினால் அதுவே ஒரு அத்தாட்சி. புதிதாக எழுதுகிறவர்கள் இதற்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் திருடுவதில்லை, சும்மா சொன்னேன்.

இதுல சோறு கிடைக்குமான்னு அப்பா கேக்கறார். என்ன சொல்றது?

கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள். பதிப்பகங்கள் எழுத்தாளருக்குத் தருவது பொதுவாகப் புத்தக விலையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 200 ரூபாய்ப் புத்தகம் 1,000 பிரதி விற்றால் 20,000 ரூபாய். அந்த 1,000 பிரதி விற்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனாலும் ஆகும். ஆக, அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். படிப்பை முடித்து வேலைக்குப் போங்கள், எழுதுவதற்கு யாரும் வேலையை விடச் சொல்லவில்லை.

ஆனால் இந்த ஊரிலேயே எழுத்துக்குச் சம்பளம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமிருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கியது, நூற்றுக்கு மேல் படம் எடுத்த ஸ்டுடியோ. வசனமும் பாட்டும் எழுத ஊர் ஊராக ஆட்கள் சேலத்துக்கு வந்து தங்கினார்கள். கருணாநிதி இங்கே வசனம் எழுதினார், கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தார். இன்றைக்கு அந்த வேலைகள் வேறு பெயரில் இருக்கின்றன. விளம்பர வாசகம், வெப் சீரிஸ் வசனம், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, பாடப்புத்தகம், ஆடியோ கதை. இதில் எல்லாவற்றிலும் ஒரு பக்கத்தைக் குறித்த நேரத்தில், பிழையில்லாமல், படிக்கத் தூண்டுகிறபடி எழுதத் தெரிந்தவர் வேண்டும். அப்பாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

நான் எழுதினது ஏற்கெனவே வந்த ஒரு கதை மாதிரியே இருக்கு. கிழிச்சிப் போட்டுரவா?

எந்த அளவுக்கு 'மாதிரி' என்று பாருங்கள். வாக்கியமே ஒத்துப்போகிறது என்றால் கிழித்துவிடுங்கள், தெரியாமல் மனசில் தங்கி வந்திருக்கும், ஆனாலும் உங்களுடையது இல்லை. கதைப்போக்கு மட்டும் ஒத்துப்போகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஐடியா யாருடைய சொத்தும் இல்லை என்று போன பதிலுக்கு முந்தினதில் சொன்னதுதான், மகளை பஸ் ஏற்றுகிற அப்பா எல்லா மொழியிலும் இருப்பார்.

நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் சிக்கல். கதை வேறு, வாக்கியம் வேறு, ஆனால் குரல் உங்களுக்குப் பிடித்த எழுத்தாளருடையது. ஒருவரை மட்டும் ஒரு வருஷம் விழுந்து விழுந்து படித்தவர்களுக்கு இது வந்தே தீரும், வெட்கப்பட வேண்டாம், அந்தக் கதைகளைத் தூக்கியும் எறிய வேண்டாம். அவர் சொல்லாத ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆற்றங்கரை ஊர்க்காரராக இருப்பார், அவர் வரிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெள்ளிப் பட்டறையையோ சங்ககிரி லாரிப் பட்டறையையோ எழுத உட்கார்ந்தால் அவருடைய வார்த்தைகள் கைகொடுக்காது, நீங்கள் எழுந்து போய் அங்கே வேலை செய்கிற அண்ணனிடம் "இதுக்கு என்னண்ணா பேரு" என்று கேட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கும்.